மெதுவான இணையம்: பெக்கேஜை மாற்றுமுன் பார்க்க வேண்டியவை

இணைய வேகத்தைப் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இருந்து வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். ஏறக்குறைய எல்லாக் கடிதத்திலும் யாரோ ஒருவர் வாசகருக்கு எதையோ விற்கப் பார்க்கிறார். கூடிய பெக்கேஜ், புது ரவுட்டர், பூஸ்டர் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. வேகம் எந்த இடத்தில் குறைகிறது என்று ஒருவரும் பார்த்துச் சொல்லவில்லை. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் பல வருடங்களாகத் தொலைபேசி லைனில்தான் இணையம். மாரி தொடங்கியதில் இருந்து வேகமே இல்லை. மகள் ஏ/எல் வகுப்புக்கு சூமில் இருக்கும்போது படம் அப்படியே நின்றுவிடுகிறது. கம்பெனிக்கு அழைத்தால் கூடிய பெக்கேஜுக்கு மாறச் சொல்கிறார்கள். மாறட்டுமா?
— ஓர் ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

பதில்: இப்போதைக்கு மாறாதீர்கள் டீச்சர். "மாரி தொடங்கியதில் இருந்து" என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. பெக்கேஜ் என்பது கம்பெனி உங்களுக்கு அனுமதிக்கும் உச்ச வேகம். உங்கள் லைன் இப்போது இருக்கும் உச்சத்தையே எட்டவில்லை என்றால், அதைவிடப் பெரிய உச்சத்துக்குக் காசு கட்டி ஒரு பயனும் இல்லை.

உங்கள் வீட்டுக்கு வருவது செப்புக் கம்பி. தெருக் கம்பத்துப் பெட்டியிலும், வீட்டுச் சுவரில் லைன் இறங்கும் இடத்திலும் அதற்கு இணைப்புகள் இருக்கும். நம் எழுவான்கரைப் பக்கம் ஒரு புறம் கடல், மறுபுறம் வாவி. உப்புக்காற்றில் அந்த இணைப்புகள் பச்சை பிடித்து அரிக்கும். அதன் மேல் மழைத்தண்ணீர் இறங்கினால் லைனில் இரைச்சல் கூடும். இரைச்சல் கூடினால் மொடெம் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு இணைப்பைத் தக்கவைக்கப் பார்க்கும். அதுவும் முடியாதபோது இணைப்பு அறுந்து மறுபடி வரும். படம் உறைவது பெரும்பாலும் இதனால்தான்.

இதை நீங்களே சோதிக்கலாம். தொலைபேசியைக் கையில் எடுத்து ஏதாவது ஓர் இலக்கத்தை ஒருமுறை அழுத்துங்கள். டயல் டோன் நின்று சற்று நேரம் அமைதியாக இருக்கும். அந்த அமைதிக்குள் கரகர என்றோ இரைகிற மாதிரியோ சத்தம் கேட்டால் லைனில் பழுது இருக்கிறது. அப்போது கம்பெனிக்கு "இணையம் மெதுவாக இருக்கிறது" என்று சொல்லாதீர்கள், "தொலைபேசியில் இரைச்சல், பேச்சு விளங்கவில்லை" என்று முறையிடுங்கள். முதலாவதற்குப் பெக்கேஜ் விற்பவர் பதில் சொல்வார், இரண்டாவதற்கு ஏணியோடு ஆள் வர வேண்டியிருக்கும். முறைப்பாட்டு இலக்கத்தைக் கட்டாயம் கேட்டு எழுதி வையுங்கள்.

சத்தம் இல்லை என்றால் வீட்டுக்குள் இருக்கும் வயரைப் பாருங்கள். பழைய வீடுகளில் விறாந்தையில் ஒரு போன், அறையில் ஒரு போன் என்று லைனைக் கிளை பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு போனுக்கும் முன்னால், பேச்சையும் இணையத்தையும் பிரிக்கும் ஒரு சின்ன ஃபில்டர் இருக்க வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டாலும் மொத்த லைனும் கெடும். பாவிக்காத கிளை வயர்கூட வேகத்தைக் குறைக்கும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, லைன் வீட்டுக்குள் நுழையும் முதல் பெட்டியில் மொடெமை நேரடியாகச் செருகி ஒரு நாள் பாவித்துப் பாருங்கள். வேகம் வந்துவிட்டால் பழுது உங்கள் வீட்டு வயரில்தான். ஊரில் தெரிந்த ஒரு வயர்மன் அதைச் சரிசெய்து தருவார், பெக்கேஜில் கைவைக்கத் தேவையில்லை.

இன்னும் ஒன்றையும் பார்த்துவிடுங்கள். மொடெமின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அதன் முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். அந்த முகவரியைக் கணினியில் திறந்தால், லைன் நிலை காட்டும் பக்கத்தில் இரண்டு எண்கள் கிடைக்கும். எஸ்என்ஆர் மார்ஜின் என்பது இரைச்சலைத் தாண்டி எவ்வளவு இடைவெளி மிச்சம் இருக்கிறது என்பது. 10 டெசிபலுக்கு மேல் இருந்தால் நிம்மதி, 6க்குக் கீழே போனால் இணைப்பு நிலைக்காது. அட்டெனுவேஷன் என்பது எக்ஸ்சேஞ்சில், அதாவது லைன் புறப்படும் தொலைபேசி நிலையத்தில் இருந்து உங்கள் வீட்டுக்கு வருவதற்குள் சிக்னல் தேய்ந்த அளவு. 30க்குக் கீழே என்றால் நல்லது. 60ஐத் தாண்டினால் எக்ஸ்சேஞ்ச் வெகு தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம், மழை விட்டாலும் அது மாறாது. தொலைபேசி லைனில் இணையம் தரும் ஏடிஎஸ்எல் 2 பிளஸ் முறையில் நொடிக்கு 24 மெகாபிட் வரை போகலாம் என்பது எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டுக்குத்தான். நாலைந்து கிலோமீற்றர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு அதில் ஒரு சிறு பங்குதான் வரும். அந்த நிலை என்றால் உங்கள் வீதிக்கு ஃபைபர் வந்துவிட்டதா என்று விசாரியுங்கள். ஃபைபரில் கண்ணாடி இழையில் ஒளிதான் போகிறது, உப்புக்காற்று அரிக்கச் செம்பு இல்லை.

மகளின் வகுப்புக்கு 2 மெகாபிட் நிலையாக வந்தாலே போதும். அதனால்தான் பெக்கேஜுக்கு அவசரப்பட வேண்டாம் என்கிறேன்.

கேள்வி: 16 எம்பிபிஎஸ் என்று சொல்லித்தான் பெக்கேஜ் தந்தார்கள். ஒரு ஃபைல் இறக்கினால் 2 எம்பி என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
— நிந்தவூர் வாசகர்

பதில்: இல்லை சேர், சொன்ன வேகம் முழுமையாகவே வருகிறது. கம்பெனி பிட் கணக்கில் விற்கிறது, உங்கள் கணினி பைட் கணக்கில் காட்டுகிறது. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 16ஐ 8ஆல் வகுத்தால் 2.

கேள்வி: காத்தான்குடியில் கடையும் மேலே வீடுமாக இருக்கிறோம். கீழே ரவுட்டர் பக்கத்தில் நல்ல வேகம், மேல்மாடியில் ஒன்றுமே திறபடாது. கொம்பு நாலு வைத்த பூஸ்டர் ஒன்று வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: கீழே வேகம் நன்றாக இருக்கிறது என்பதால் லைனிலோ பெக்கேஜிலோ குறை இல்லை, வைஃபை மட்டும்தான் மேலே எட்டவில்லை என்பது தெளிவு. நடுவில் இருக்கும் கொங்கிரீட் தட்டும் அதற்குள் இருக்கும் கம்பியும் அலையைத் தடுக்கின்றன.

பூஸ்டர் என்று கடையில் தருவது, ரவுட்டரின் அலையை வாங்கித் திரும்பவும் வீசும் கருவி. ஒரே அலைவரிசையில் வாங்கவும் வீசவும் செய்வதால் விலை குறைந்தவற்றில் வேகம் பாதியாகிவிடும். மேலே கோடு நாலும் நிறைந்து தெரியும், வேகம் மட்டும் வராது. கொம்புகளின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள். அதைவிடக் கீழிருந்து மேலே ஒரு நெட்வேர்க் கேபிள் இழுத்து, மேல்மாடியில் ஓர் அக்சஸ் பொயின்ற் (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாக வீசும் கருவி) வைப்பது எவ்வளவோ மேல். கேபிள் 100 மீற்றர் வரை வேகம் குறையாமல் கொண்டுபோகும். பழைய ரவுட்டர் சும்மா கிடந்தால், பல மொடல்களை அந்த வேலைக்கே மாற்றிப் பாவிக்கலாம். கேபிள் வாங்கும்போது கேட்டகரி 5ஈ அல்லது 6, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சுப் பூசிய மலிவுக் கேபிளும் சந்தையில் இருக்கிறது. அது சீக்கிரம் முறியும்.

காத்தான்குடி போல வீட்டோடு வீடு ஒட்டிய ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கத்து வீடுகளின் ரவுட்டர்களும் அதே 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில்தான் கத்திக்கொண்டிருக்கும். ரவுட்டர் அமைப்பில் சனலை 1, 6, 11 என்று மாற்றி மாற்றிப் பாருங்கள், இந்த மூன்றும்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. ஒரே அறைக்குள் பாவிப்பதென்றால் 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாறுங்கள். அதற்கு வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டும் சக்தி குறைவு.

கைத்தொலைபேசி டவரின் சிக்னலைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கும் பூஸ்டர் வேறு. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் அதை வாங்கி மாட்ட வேண்டாம். அக்கம்பக்கத்தாரின் சிக்னலையும் அது குழப்பும்.

கேள்வி: நான் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன், வீடு கொக்கட்டிச்சோலைப் பக்கம். லைன் இணைப்பு இல்லாததால் 4ஜி ரவுட்டர் வாங்கினோம். காலையில் பரவாயில்லை. இரவு எட்டு மணிக்குப் பிறகு ஒரு பக்கம் திறக்கவே நேரம் எடுக்கிறது. மாதக் கடைசியில் நாள் முழுக்க அப்படித்தான். புது மொடல் ரவுட்டர் வாங்கினால் சரிவருமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் இரண்டு வெவ்வேறு பிரச்சினை இருக்கிறது.

மாதக் கடைசியில் நாள் முழுக்க மெதுவாவது டேட்டா முடிந்துபோவதால் இருக்கலாம். ஒதுக்கிய அளவு தீர்ந்ததும் பல பெக்கேஜ்களில் இணைப்பை வெட்டாமல் வேகத்தை மட்டும் அடிமட்டத்துக்கு இறக்கிவிடுவார்கள். கம்பெனியின் செயலியில் மீதியைப் பாருங்கள். பகலுக்கு ஓர் ஒதுக்கீடு, நள்ளிரவுக்குப் பிறகு இன்னோர் ஒதுக்கீடு என்று பிரித்து விற்கும் பெக்கேஜாக இருந்தால், மொத்த அளவைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், உங்களுக்குப் பயன்படுவது பகல் அளவுதான். வீட்டில் யாருடைய போனாவது புகைப்படங்களைத் தானாக மேலேற்றிக்கொண்டிருந்தாலும், கணினி தானாக அப்டேட் இறக்கினாலும் டேட்டா அப்படியே கரையும்.

இரவு எட்டு மணி விஷயம் வேறு. அந்த நேரத்தில் டவரின் கீழ் இருக்கும் எல்லா வீடும் ஒரே கொள்ளளவைப் பங்கிடுகிறது. வாவிக்கு மேற்கே இருக்கும் உங்கள் படுவான்கரையில் டவர்கள் தூரத் தூரத்தில் நிற்பதால் ஒரு டவரை நம்பியிருக்கும் ஊர்கள் அதிகம். நெரிசலைப் புது ரவுட்டர் தீர்க்காது. ஆனால் டவரின் எல்லையில் பலவீனமான சிக்னலோடு இருப்பவருக்குத்தான் நெரிசல் நேரத்தில் அடி அதிகம். எனவே சிக்னலைக் கூட்டினால் ஓரளவு பலன் கிடைக்கும்.

ரவுட்டரின் முகவரியைத் திறந்தால் வரும் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று ஓர் எண் காட்டும். அது டவர் சிக்னலின் பலம், எப்போதும் கழித்தல் குறியோடு இருக்கும். −80 நல்ல சிக்னல், −110 மோசம். கூடவே இருக்கும் எஸ்ஐஎன்ஆர், இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு மேலே நிற்கிறது என்பது. 20க்கு மேல் என்றால் சிறப்பு, பூச்சியத்துக்குக் கீழே போனால் கஷ்டம். இந்த இரண்டையும் பார்த்தபடியே ரவுட்டரை வீட்டின் ஒவ்வொரு பக்கமும் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே, அலுமாரிக்குள், டிவிக்குப் பின்னால் வைத்திருந்தால் முதலில் அங்கிருந்து எடுங்கள். டவர் இருக்கும் பக்கத்து யன்னலில், முடிந்த அளவு உயரத்தில் வைப்பது நல்லது. ரவுட்டரின் பின்னால் அன்ரனா செருகும் துளை இருந்தால், வெளியே கம்பத்தில் பூட்டும் திசை அன்ரனா ஒன்று உங்களைப் போன்ற இடத்துக்கு நன்றாக வேலை செய்யும். வயர் நீளமாக நீளமாக சிக்னல் தேயும், அதனால் குறைந்த நீளத்திலேயே வாங்குங்கள்.

கம்பெனியை மாற்றும் எண்ணம் வந்தால், ரவுட்டருக்குக் காசு கட்டுமுன் அந்தக் கம்பெனியின் சிம் உள்ள போன் ஒன்றை இரவல் வாங்கி, உங்கள் வீட்டில் வைத்தே இரவு ஒன்பது மணிக்கு வேகத்தைச் சோதியுங்கள். வேறிடத்தில் வாங்கும் ரவுட்டர் என்றால் எல்லாச் சிம்மும் ஏற்குமா, ஒரே கம்பெனிக்குப் பூட்டியதா என்றும் கேளுங்கள். உங்கள் சிம்மைப் போட்டுக் காட்டச் சொல்லி வாங்குவதே பாதுகாப்பு.

கேள்வி: வாப்பாவின் அலுமாரியில் 56கே என்று எழுதிய பழைய டயல்-அப் மொடெம் ஒன்று பெட்டியோடு இருக்கிறது. தொலைபேசி லைன் இருக்கிறதுதானே, இதை மாட்டி இணையம் எடுக்கலாமா?
— சாய்ந்தமருது மாணவி

பதில்: அதில் செலவழிக்க வேண்டாம் மகள். அந்த மொடெம் இணையத்தை ஒரு தொலைபேசி அழைப்பாகவே கொண்டுபோகும், பேச்சு போகும் வழிக்குள்தான் தரவும் போக வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் நொடிக்கு 56 கிலோபிட்டுக்கு மேல் அதனால் முடியாது. உண்மையில் நாற்பது சொச்சம்தான் கிடைக்கும். கைத்தொலைபேசியில் எடுத்த 4 மெகாபைட் படம் ஒன்றை இறக்கவே பத்து நிமிடம் தாண்டும். லைனில் இரைச்சல் இருந்தால் இன்னும் இறங்கும், அப்போதும் காரணம் இதே செப்புக் கம்பிதான். அமெரிக்காவில் ஏஓஎல் கம்பெனிகூட 2025 செப்டெம்பர் 30ஆம் திகதியோடு டயல்-அப் சேவையை நிறுத்திவிட்டது. வாப்பாவின் ஞாபகமாகப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருக்கோவிலில் இருக்கிறோம். வாங்கி ஆறு மாதத்தில் ரவுட்டர் செத்துவிட்டது. ஒரு வருட உத்தரவாதம் இருந்தும் "மின்னல் அடித்தது" என்று கடையில் தட்டிக்கழிக்கிறார்கள். எங்கள் பக்கம் அந்த நாட்களில் மழையே இல்லை.

பதில்: மின்னலால் வந்த சேதத்தை ஏற்பதில்லை என்று பல உத்தரவாத அட்டைகளில் எழுதியிருக்கும், உங்கள் அட்டையில் இருக்கிறதா என்று முதலில் படியுங்கள். இருந்தாலும் சேதம் மின்னலால்தான் வந்தது என்று வாயால் சொன்னால் போதாது. கழற்றிப் பார்த்து எந்தப் பாகம் எரிந்திருக்கிறது என்று எழுத்தில் தரும்படி கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை இரண்டின் பிரதியோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குத் தாமதிக்காமல் எழுத்தில் முறையிடுங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் சொல்லலாம். அது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபை. இணைப்பைப் பற்றிய முறைப்பாடு என்றால் போக வேண்டிய இடம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, அதன் இலக்கம் 1900. முதலில் கம்பெனியிடம் முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.

அடுத்த ரவுட்டருக்கு ஒன்று செய்யுங்கள். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரங்களில் இடி தொடங்கினால் மின்சாரச் செருகியை மட்டும் கழற்றிவிட்டு இருந்துவிடாதீர்கள். தொலைபேசி வயரும் வெளி அன்ரனா வயரும் மின்னலை வீட்டுக்குள் கொண்டுவரும். இடி நெருங்குவதற்கு முன்பே அவற்றையும் கழற்றிவிடுங்கள். நெருங்கிய பிறகு வயரில் கைவைக்காதீர்கள்.