மூக்கில் இரண்டாவது ஆபரேஷன்: மருத்துவர் பதில்கள்

ரைனோபிளாஸ்டி (மூக்கின் வடிவத்தைத் திருத்தும் ஆபரேஷன்) முடிந்து நான்கு மாதம் ஆகிறது. மூக்கு நுனி இன்னும் தடிப்பாகவே இருக்கிறது. உடனே திருத்திக்கொள்ளலாமா? (வாசகி, மதுரை)

வேண்டாம். இப்போது நீங்கள் பார்ப்பது முடிவான மூக்கு அல்ல. நுனியில்தான் வீக்கம் கடைசியாக வடியும். குறைந்தது ஓராண்டு பொறுங்கள். தோல் தடிப்பானவர்களுக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகலாம். உள்ளே தழும்பு இளகுவதற்கு முன் திறந்தால் திசுக்களைப் பிரிப்பதே கடினம், தோலின் ரத்த ஓட்டமும் கெடக்கூடும். நுனிக்குச் சற்று மேலே மட்டும் புடைப்பு இருந்தால் அது தழும்பாக இருக்கலாம். சிலருக்குச் சிறிதளவு ஸ்டீராய்டு ஊசியிலேயே இறங்கிவிடும். ஆபரேஷன் செய்தவரிடமே முதலில் கேளுங்கள்.

மூக்கு பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு அடைக்கிறது. ‘எல்லாம் நார்மல்’ என்கிறார்கள். (வாசகர், கோவை)

வந்த கடிதங்களில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது உங்களுடையதுதான். ஒன்று செய்து பாருங்கள். மூக்கை ஒட்டிக் கன்னத்தில் விரலை வைத்து மெல்ல வெளிப்பக்கமாக இழுத்தபடியே மூச்சை உள்ளே இழுங்கள். சட்டென்று வழி திறந்ததுபோல் இருந்தால், மூக்கின் உள்வால்வு, அதாவது மூக்குக்குள் காற்று போகும் மிகக் குறுகலான இடம், ஒடுங்கியிருக்க வாய்ப்பு உண்டு. மூக்கின் கூனைச் செதுக்கும்போது பக்கவாட்டுக் குருத்தெலும்புகள் நடுத்தண்டோடு (மூக்கை உள்ளே இரண்டாகப் பிரிக்கும் சுவர்) இருந்த பிடிப்பை இழந்து உள்ளே சரிந்துவிடுவதால் வருவது இது. சிலருக்கு மூக்கெலும்பு முடியும் இடத்தில் தலைகீழ் ‘வி’ போல ஒரு நிழலும் விழும்.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. குருத்தெலும்பைத் தீக்குச்சி போல மெல்லிசாகச் சீவி, நடுத்தண்டின் இரு பக்கமும் வைத்துத் தைப்போம். ‘ஸ்ப்ரெடர் கிராஃப்ட்’ என்பது அதுதான். ஆனால் விரல் சோதனையை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. தண்டு வளைவு, அலர்ஜி, உள்ளே ஒட்டிக்கொண்ட தழும்பு என்று வேறு காரணங்களும் உண்டு. காது மூக்கு தொண்டை மருத்துவர் எண்டோஸ்கோப் வைத்துப் பார்க்க வேண்டும். மூச்சில் விசில் சத்தம், அடிக்கடி பொருக்கு, ரத்தக் கசிவு இருந்தால் தண்டில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். மூச்சு அடைப்பதைச் சகித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

மூக்கைத் திருத்த விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுத்து வைக்க வேண்டும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது. சிலிக்கான் போதாதா? (வாசகி, திருச்சி)

முதல் தேர்வு எப்போதும் மூக்குத் தண்டின் குருத்தெலும்புதான். முதல் ஆபரேஷனிலேயே அது தீர்ந்திருந்தால் காது மடலில் எடுப்போம். அது மென்மையானது, இயல்பிலேயே வளைந்தது. நுனிக்குப் போதும், விழுந்துபோன மூக்கைத் தாங்காது. அதற்குத்தான் விலாக் குருத்தெலும்பு. நெஞ்சில் சிறு தழும்பும் சில நாள் வலியும் இருக்கும். நுரையீரல் உறையில் கீறல் விழுவது அரிது. வைத்த துண்டு பிற்பாடு வளைந்துகொள்ளலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இருந்தாலும், ஏற்கெனவே தழும்பேறிய தோலுக்கு அடியில் சிலிக்கானை நான் பரிந்துரைக்க மாட்டேன். கிருமித்தொற்று வந்தாலோ தோலைத் துளைத்து வெளியே வந்தாலோ மூன்றாவது ஆபரேஷன்தான்.

ஆபரேஷனுக்குப் பிறகு மூக்கில் தெரியும் பள்ளத்தை ஃபில்லர் ஊசியால் நிரப்பலாமா? பியூட்டி கிளினிக்கில் போடுகிறார்கள். (வாசகர், சேலம்)

ஆபரேஷன் ஆன மூக்கில் ரத்தக் குழாய்களின் பாதை மாறியிருக்கும். மருந்து குழாய்க்குள் போனால் தோல் அழுகும், பார்வையே போகலாம். அங்கே போகாதீர்கள்.

முதல் ஆபரேஷன் விவரங்களைத் தர இழுத்தடிக்கிறார்கள். (வாசகி, நெல்லை)

எழுத்து மூலம் கேட்டு, நகலில் கையெழுத்து வாங்குங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, ஆபரேஷன் நோட்ஸ் வேண்டும். எந்தக் குருத்தெலும்பை எடுத்தார்கள், உள்ளே என்ன வைத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும்.

மகளுக்கு இரண்டு ஆபரேஷன் ஆகிவிட்டது. எங்களுக்குக் குறையே தெரியவில்லை. அவளோ வேலைக்கும் போகாமல் கண்ணாடி முன்னாலேயே நிற்கிறாள். (ஒரு தாய், சென்னை)

அம்மா, மூன்றாவது ஆபரேஷனுக்குத் தேதி வாங்காதீர்கள். தோற்றம் பற்றிய இந்தத் தீராத வேதனை மனநலப் பிரச்சினையாக இருக்கலாம். கத்தியால் பெரும்பாலும் தீராது. ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவள் படும் பாடு நிஜம். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பேச்சு சிகிச்சைக்கும் மருந்துக்கும் இது நன்றாகவே கேட்கும். உயிரை விடுவது பற்றி அவள் பேசினால் அன்றே கூட்டிச் செல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலிமானஸ் 14416 எண்ணில் இரவிலும் பேசலாம்.