சீட்டுக்கு ஒரு மாதமும் தவறவில்லையே, தம்பி

கேள்வி: கனடாவில், ரொறன்ரோ ஸ்காபரோவில் இருக்கிறேன், ட்ரக் ஓடுகிறேன். பிரிந்து மூன்று வருடம். ஏழு வயது மகள் தாயுடன். பிள்ளைச் செலவுக்கு மாதம் 540 டாலர் என்று நீதிமன்ற உத்தரவு. போன வருடம் ஓட்டம் குறைவு, 20 பேர் சீட்டுக்கும் மாதம் 600 கட்ட வேண்டியிருந்தது (12 மாதம் முடிந்தது, இன்னும் எடுக்கவில்லை), அதனால் ஒன்பது மாதம் விடுபட்டுவிட்டது. நிலுவை 4,860 டாலர், 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் லைசென்ஸ் நிறுத்தம் என்று எஃப்.ஆர்.ஓ. (பிள்ளைச் செலவை வசூலித்துக் கொடுக்கும் ஒன்ராறியோ அரசு அலுவலகம்) கடிதம் அனுப்பி 11 நாள். மகளையும் காட்டுகிறார்களில்லை. லைசென்சைப் பறித்தால் எதைக் கொண்டு உழைத்துக் கட்டுவது?

பதில்: தம்பி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தச் சீட்டைத் தாண்டி என்னால் வாசிக்க முடியவில்லை. ஓட்டம் குறைந்த அதே வருடத்தில் பன்னிரண்டு தவணையும் கட்டியிருக்கிறீர்கள். ஏறத்தாழ 7,000 டாலர். சீட்டுக்காரர் ஒரு நாள் பிந்தினால் போன் எடுப்பார், ஊருக்குள் பெயர் கெடும். ஏழு வயதுப் பிள்ளை போன் எடுத்துக் காசு கேட்காது. கேட்காதவளுக்குத்தானே முதலில் வைக்க வேண்டும்? பெற்ற பிள்ளையின் சோற்றுக்கும் சப்பாத்துக்கும் உரிய காசு, மற்ற எல்லாம் கொடுத்த பிறகு மிஞ்சினால் பார்க்கலாம் என்ற கணக்கில் வரக்கூடாது.

லைசென்ஸ் போனால் எப்படி உழைப்பது என்ற கேள்வி நியாயமானது. அதற்காகத்தான் ஒன்ராறியோச் சட்டம் அந்த 30 நாளைத் தருகிறது. அதில் 11 நாளைப் பயத்திலேயே கழித்துவிட்டீர்கள். அந்த 30 நாட்களையும் கடிதத்தில் உள்ள திகதியிலிருந்து எண்ணுங்கள், உங்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து அல்ல.

வழி மூன்று. முழு நிலுவையையும் கட்டுவது. அல்லது எஃப்.ஆர்.ஓ.வோடு தவணைத் திட்டம் ஒன்றுக்கு வருவது: மாத 540க்கு மேலதிகமாக நிலுவைக்கும் ஒரு தொகை. அதற்கு வருமானச் செலவு அறிக்கை, சம்பளத் துண்டு, வருமானவரி மதிப்பீட்டுக் கடிதம் எல்லாம் கேட்பார்கள். மூன்றாவது, லைசென்சை நிறுத்த வேண்டாம் என்ற நீதிமன்ற உத்தரவை 30 நாளுக்குள் பெற்று, அதன் பிரதியை எஃப்.ஆர்.ஓ.வில் சேர்ப்பது. அந்த உத்தரவு ஆறு மாதம்தான் நிற்கும், ஒருமுறை மூன்று மாதம் நீட்டலாம். அதற்குள் பிள்ளைச் செலவுத் தொகையை மாற்றும் மனுவை நடத்தி முடிக்க வேண்டும்.

உங்களுக்கு முதலாவதுதான். அடுத்த கூறலில் (சீட்டு ஏலத்தில்) சீட்டை எடுங்கள். மொத்தம் 12,000. கழிவு 1,000 போனாலும் 11,000 கையில் வரும். 4,860 கட்டினால் மிச்சம் 6,140. இனிக் கட்டவேண்டிய எட்டுத் தவணைக்கு 4,800 தனியே ஒதுக்கினாலும் கையில் காசு நிற்கும். கூறல் நாள் கெடுவுக்குப் பிந்தி வருகிறதென்றால் சீட்டுக்காரரிடம் இன்றே பேசுங்கள். எஃப்.ஆர்.ஓ.வுக்கும் இன்றே அழைத்து, எந்த நாளில் எவ்வளவு கட்டுவீர்கள் என்று சொல்லுங்கள்.

பலர் சறுக்குவது கட்டும் விதத்தில். தாயின் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். அவர் உறுதிப்படுத்தாவிட்டால் எஃப்.ஆர்.ஓ. கணக்கில் அது கட்டாத காசுதான். வங்கியின் இணையச் சேவையில் உங்கள் வழக்கு இலக்கத்தைப் போட்டுக் கட்டுங்கள். காசு போய்ச் சேர சில நாள் எடுக்கும், ஆகவே கடைசி நாள்வரை இழுக்க வேண்டாம். ரசீதை வைத்திருந்து, நிறுத்த நடவடிக்கை கைவிடப்பட்டதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். நிறுத்திய லைசென்சோடு வண்டி எடுத்தால் ஆகக் குறைந்த தண்டமே 1,000 டாலர்.

உழைப்பு உண்மையாகவே குறைந்திருந்தால் அன்றே குடும்ப நீதிமன்றத்தில் படிவம் 15 (உத்தரவை மாற்றக் கேட்கும் மனு) போட்டிருக்க வேண்டும். தொகையைக் குறைக்க எஃப்.ஆர்.ஓ.வுக்கு அதிகாரம் இல்லை. நீதிபதி மாற்றும்வரை மாதம் 540 ஏறிக்கொண்டே இருக்கும். இனி ஓட்டம் குறைந்தால் அந்த மாதமே போய் நில்லுங்கள்.

மகளைக் காட்டாதது வேறு விஷயம், அதற்கு வேறு மனு. காட்டாததற்காகக் காசை நிறுத்த எந்தச் சட்டமும் உங்களை விடாது. நிலுவை இல்லாத கணக்கோடு அந்த மனுவைப் போடுங்கள். பன்னிரண்டு மாதம் சீட்டுக் கட்டிய கையால் மகளுக்கு ஒன்பது மாதம் கட்டவில்லை என்று எதிர்த்தரப்பு எழுந்து சொல்ல இடம் வைக்காதீர்கள்.