கிரில் ஷட்டர் மூடியிருந்தால் இன்ஜின் சூடாகிவிடாதா?

புதுக் காரில் முன்பக்க வலையான கிரில்லுக்குப் பின்னால் கறுப்புப் பட்டைகள் (இவைதான் கிரில் ஷட்டர்) தானாகத் திறந்து மூடுகின்றன, சென்னை வெயிலில் அது மூடிக்கொண்டால் ரேடியேட்டர் என்ன ஆகும், கழற்றிப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கழற்றாதீர்கள். இதே சந்தேகம் எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது.

நான் கனடாவில், ஒன்டாரியோவில் இருக்கிறேன். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் பார்க்கிங்கில் யாரோ இடித்துவிட்டுப் போனதில் முன் பம்பரை மாற்ற வேண்டி வந்தது. பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துவந்த சில நாட்களில் இன்ஜின் விளக்கு எரிந்தது. வண்டி நன்றாகத்தான் ஓடியது, சூட்டு முள்ளும் வழக்கமான இடத்தில்தான் நின்றது. ஒரே ஒரு வித்தியாசம்: காலையில் ஹீட்டரில் சூடான காற்று வர வழக்கத்தைவிட நேரமானது. பல வருஷம் மெக்கானிக்காக இருந்த நண்பர் ஒருவர் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். யு0284 என்ற பிழைக் குறியீடு வந்தது. ஷட்டரை இயக்கும் பெட்டியோடு வண்டியின் கம்ப்யூட்டரால் பேச முடியவில்லை என்று அதற்கு அர்த்தம். அடியில் இருந்த பிளாஸ்டிக் தட்டைக் கழற்றி டார்ச் அடித்தால், ஷட்டரின் கனெக்டர் மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டைகள் திறந்தபடியே நின்றிருந்தன. கனெக்டரை மாட்டி, பிழைக் குறியீட்டை அழித்து, வண்டியை ஆன் செய்ததும் "இப்பப் பாருங்க" என்றார். பட்டைகள் மெதுவாக ஒருமுறை முழுக்க மூடி, திரும்பத் திறந்தன. அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு காரின் முன்பக்கத் திறப்பு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை, அந்தக் கார் சந்திக்கக்கூடிய மிக மோசமான நாளை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். கொளுத்தும் வெயில், வண்டி நிறைய ஆள், முழு ஏசி, நீண்ட மலை ஏற்றம். அப்படிப்பட்ட நாள் வருஷத்தில் எத்தனை வரும்? மற்ற நாட்களில் அந்தத் திறப்பு தேவைக்கு அதிகம். அதிகமாக உள்ளே வரும் காற்று சும்மா போவதில்லை. ரேடியேட்டர், இன்ஜின், குழாய்கள் எல்லாவற்றிலும் முட்டி மோதி, வண்டியைப் பின்னுக்கு இழுத்துவிட்டுத்தான் அடியில் வெளியேறுகிறது. காரின் மொத்தக் காற்றுத் தடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு வரை இந்த உட்புகும் காற்றால் வரலாம். ஷட்டர் செய்வது, பெரிய வாசலை அன்றைய தேவைக்கு ஏற்ற அளவுக்கு ஒருக்களித்து வைப்பது.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். வேகமாகப் போகும்போது மூடினால் காற்று போதாதே என்று தோன்றும். கணக்கு நேர்மாறாக இருக்கிறது. முன்னால் வந்து மோதும் காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். 30 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைவிட 120இல் அது 16 மடங்கு. அவ்வளவு அழுத்தத்தில் ஒரு சின்ன இடுக்கு வழியாகவே தேவையான காற்று பாய்ந்துவிடும். சிக்னலில் நிற்கும்போதோ இந்த அழுத்தம் சுத்தமாக இல்லை. ஃபேன்தான் காற்றை இழுக்க வேண்டும். அதனால் சூடேறிய வண்டி நெரிசலில் ஊர்ந்தால் ஷட்டர் திறந்திருக்கும், நெடுஞ்சாலையில் பெரும்பாலும் மூடியிருக்கும்.

இதை முடிவு செய்வது இன்ஜினின் கம்ப்யூட்டர். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூடு, வெளிவெப்பம், வேகம், ஏசி வாயுவின் அழுத்தம், சில வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலின் சூடு வரை பார்க்கிறது. ஏசி வாயுவின் சூட்டை வெளியேற்றும் கன்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறது. அது சூடாகி அழுத்தம் ஏறினால், இன்ஜின் குளிர்ச்சியாகவே இருந்தாலும் பட்டைகள் திறக்கும். ஆகவே சென்னை மே மாதத்தில் ஏசி போட்டு ஊருக்குள் ஓட்டினால் உங்கள் ஷட்டர் அநேகமாகத் திறந்தேதான் இருக்கும். அங்கே உங்களுக்கு நஷ்டமும் இல்லை, பெரிய லாபமும் இல்லை. லாபம் திருச்சி நெடுஞ்சாலையில், அதுவும் மிச்சமாவது எரிபொருளில் ஓரிரு சதவீதம் என்ற அளவில்தான். நம் ஊர் நகர ஓட்டத்துக்கு இதை ஒரு பெரிய வசதியாக விளம்பரம் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

குளிர் நாட்டில் கதை வேறு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் மூடிக்கொண்டால் இன்ஜின் சீக்கிரம் சூடாகும், கெட்டியாக இருக்கும் ஆயில் இளகும், ஹீட்டரும் சீக்கிரம் வேலை செய்யும். இங்கே லாரி ஓட்டுநர்கள் பனிக்காலத்தில் கிரில்லுக்கு முன்னால் தடித்த துணி உறை கட்டுவது இதற்காகத்தான். யோசனையும் பழையது. 1930களிலேயே ரோல்ஸ் ராய்ஸ், பேக்கார்ட் கார்களில் சூட்டுக்கு ஏற்பத் தானே இயங்கும் தெர்மோஸ்டாட் திறந்து மூடும் ரேடியேட்டர் பட்டைகள் இருந்தன. பிறகு மறைந்துபோனதை எரிபொருள் விதிமுறைகள் திரும்பக் கொண்டுவந்தன. 2011 செவ்ரோலே குரூஸ் ஈகோ, 2012 ஃபோர்டு ஃபோகஸ், 2013 ராம் 1500 பிக்கப் என்று வரிசையாக வந்தன. மின்சாரக் கார்களில் இது இன்னும் பொருத்தம். மோட்டார் இன்ஜினைப் போலச் சூட்டைக் கொட்டுவதில்லை, எனவே நிறைய நேரம் மூடியே வைக்கலாம். வேகச் சார்ஜிங்கில் பேட்டரி சூடாகும்போது திறந்தால் போதும். சென்னைக்குப் பக்கத்தில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக்கிலும் முன் பம்பரில் இந்தப் பட்டைகள் உண்டு.

பழுதானால்? ஒரு சின்ன மோட்டார்தான் எல்லாப் பட்டைகளையும் திருப்புகிறது. ஆன் செய்ததும் அது ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓடிப் பார்ப்பது, தன் எல்லைகளைத் தெரிந்துகொள்ள. எல்லைக்கு முன்பே நின்றால் கல்லோ பனிக்கட்டியோ தடுக்கிறது. எல்லையைத் தாண்டியும் சுற்றினால் எங்கோ முறிந்திருக்கிறது. இப்படி ஏதாவது என்றால் பி059எஃப் மாதிரி ஒரு பிழைக் குறியீடு வரும். மூடியபடி இறுகிப்போனால் மட்டும் அலட்சியம் வேண்டாம். ஏசி குளிர்ச்சி குறைவதும், ஃபேன் ஓயாமல் இரைவதும் அதன் அறிகுறி. சூட்டு முள் ஏறினால் ஓரம் கட்டி நிறுத்திவிடுங்கள்.

கழற்றிவிட்டால் கம்ப்யூட்டர் அதைத் தேடும், கிடைக்காது, இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். நாளை வேறு உண்மையான கோளாறு வந்தாலும் அந்த விளக்கைப் பார்த்து உங்களுக்குத் தெரியப்போவதில்லை. இடையில் பம்பர் வேலை ஏதாவது செய்தால், வண்டியைக் கையில் வாங்கும்முன் ஒருவரை ஆன் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் முன்னால் குனிந்து கிரில்லுக்குள் பாருங்கள். பட்டைகள் ஒருமுறை அசைகின்றனவா என்று பார்க்க அரை நிமிஷம்கூட ஆகாது.