களக்காட்டு ஏத்தங்காயும் கூட்டுறவும்

அன்புள்ள ஐயா,

களக்காட்டில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போடும் சிறிய யூனிட் வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் முப்பது பேரிடம் காய் வாங்குகிறேன். எட்டுப் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். ஓணம் நெருங்கினால் கேரள வியாபாரிகள் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுத்து, பேசி வைத்த தாரை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். பெண்கள் திடீரென்று நின்றுவிடுகிறார்கள். கடைக்காரர்கள் பணத்தை இழுத்தடிக்கிறார்கள். சென்னையில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனேன். ‘ஸ்டேக்ஹோல்டர்களை, அதாவது தொழிலோடு சம்பந்தப்பட்ட எல்லாரையும், கையாளக் கற்றுக்கொள்ளுங்கள்’ என்றார்கள். இதையே கூட்டுறவாக மாற்றினால் இந்தத் தொல்லைகள் தீருமா?

எஸ்., களக்காடு

அன்புள்ள எஸ்.,

தொல்லை தீராது. வெளியே நடக்கிற சண்டை வீட்டுக்குள் வரும். அப்படி உள்ளே வருவது நல்லது என்றே நான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்லப் பார்க்கிறேன்.

எங்கள் ஆச்சி இரண்டு மாடு வைத்திருந்தாள். முதலில் ஒரு தனியார் ஆள் சைக்கிளில் வந்து பால் எடுத்துக்கொண்டு போவான். அவன் சொன்னதுதான் அளவு, அவன் சொன்னதுதான் விலை. அப்புறம் ஊரில் பால் சொசைட்டி வந்தது. அங்கேயும் தகராறுக்குக் குறைவில்லை. ஒரு கோடையில் ஆச்சியின் பாலுக்குத் தொடர்ந்து கொழுப்பு குறைவாகப் போட்டார்கள். வருடாந்தரப் பேரவைக் கூட்டம் வந்தது. பள்ளிக்கூடத் திண்ணையில் பாய் விரித்திருந்தது. செயலாளர் வரவு செலவு வாசித்துக்கொண்டிருந்தபோது ஆச்சி எழுந்து, “ஏ ஐயா, எம் மாடு பருத்திக்கொட்டை திங்கிது. கொழுப்பு இல்லைங்கியளே, அந்த மெஷினை இங்க கொண்டாங்க, எல்லாரும் பாக்கட்டும்” என்றாள். கொண்டுவந்தார்கள். மறுநாள் காலைப் பாலை எல்லார் முன்னாலும் வைத்துப் பார்த்ததில் மெஷினில்தான் கோளாறு என்று தெரிந்தது. சைக்கிள்காரனிடம் ஆச்சி ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மறுநாள் அவன் வந்திருக்க மாட்டான்.

சொசைட்டியில் அவளுக்கு ஒரு பங்கு இருந்தது, ஒரு ஓட்டு இருந்தது. பத்து மாடு வைத்திருந்த பண்ணையாருக்கும் அதே ஒரு ஓட்டுதான். ஆண்டு முடிவில் மிஞ்சிய பணத்திலிருந்து, யார் எவ்வளவு பால் ஊற்றினார்களோ அந்தக் கணக்குக்கு போனஸ் வந்தது.

இந்த ஏற்பாடு பழையது. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் 28 பேர் சேர்ந்து ஒரு கடை திறந்தார்கள். கலப்படம் இல்லாத மாவு, சரியான எடை, வாங்கிய அளவுக்கு லாபத்தில் பங்கு, ஆளுக்கு ஒரு ஓட்டு. அங்கே வாடிக்கையாளரே முதலாளி. நம்மூர் பால் சங்கத்தில் பால் கொடுப்பவர் முதலாளி. வேலை செய்பவரே முதலாளியாக இருப்பதற்குக் கண்ணூர் தினேஷ் பீடியைச் சொல்லலாம். தொழிலாளர் நலன் காக்கும் பீடித் தொழிலாளர் சட்டம் 1966-இல் வந்தது. கேரளம் அதை நடைமுறைப்படுத்தியதும் பெரிய கம்பெனிகள் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பின. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். 1969-இல் அவர்களே கூட்டுறவு அமைத்துக்கொண்டார்கள். பின்னால் பீடி விற்பனை சரிந்தபோது மசாலாப் பொடி, குடை என்று வேறு தொழில்களுக்கு நகர்ந்தார்கள். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு அதே பீடியைச் சுற்றும் நம் பெண்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. கொண்டுபோன பீடியைக் கடையில் ஒருத்தர் பார்த்துக் கழித்துப் போடுகிறார். ஏன் கழித்தீர்கள் என்று எழுந்து கேட்க அவர்களுக்கு ஒரு திண்ணை இல்லை.

சரி, உங்கள் யூனிட்டுக்கு வருவோம். அதில் யார் உறுப்பினர்? இதை முடிவு செய்யாமல் கூட்டுறவு என்று இறங்காதீர்கள். விவசாயி காய்க்கு விலை கூடக் கேட்பார். வறுக்கும் பெண் கூலி கூடக் கேட்பாள். இரண்டும் அதே சிப்ஸ் பாக்கெட்டிலிருந்துதான் வர வேண்டும். இரண்டு தரப்பையும் ஒரே சங்கத்தில் உட்கார வைக்கும் முறையும் உலகத்தில் இருக்கிறது. இத்தாலியில் 1991-இல் சமூக சேவைக் கூட்டுறவுகளுக்கு ஒரு சட்டம் போட்டார்கள். தொழிலாளியும் சேவை பெறுபவரும் ஒரே கூட்டுறவில் உறுப்பினராக இருக்கலாம். ஆனால் முதல் அடியிலேயே அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

விவசாயிகளிடமிருந்து தொடங்குங்கள். 2002-இல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி ‘உற்பத்தியாளர் கம்பெனி’ என்ற வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். பத்து விவசாயிகள் சேர்ந்தால் பதிவு செய்யலாம். பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளருக்குக் கீழே வராது என்பதால் பலர் இதை விரும்புகிறார்கள். காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும். நம் மாநிலத்தில் தேர்தல் நடக்காமல், அரசு நியமித்த தனி அலுவலர் பொறுப்பிலேயே வருடக்கணக்காகக் கிடந்த சங்கங்கள் எத்தனையோ. உறுப்பினர் வாயைத் திறக்க முடியாத சங்கத்துக்கும் அந்தச் சைக்கிள்காரனுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

உங்கள் முப்பது பேரும் அப்படி ஒரு கம்பெனியாகி, காயை மொத்தமாக உங்களுக்குக் கொடுக்கட்டும். காய் எடுக்கும்போதே ஒரு விலை, ஆண்டு முடிவில் கொடுத்த எடைக்கு ஏற்ப போனஸ் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஓணத்துக்கு இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கும்போது தாரை வெளியே தள்ளுபவர் போனஸை இழப்பார். அந்த விதியை அவர்களே பேசி எழுத வேண்டும். நீங்கள் எழுதிக் கையெழுத்து வாங்கினால் ஆவணியில் மறுபடியும் லாரி வரும், தார் போகும். சித்திரைக் காற்றில் வாழை சாய்ந்தால் யார் எவ்வளவு தாங்குவது என்பதையும் அதே கூட்டத்தில் பேசுங்கள்.

இதில் உங்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்ட வேண்டியிருக்கும். எண்ணெய் என்ன விலை, கடைக்காரன் எத்தனை நாள் பாக்கி வைத்திருக்கிறான், உங்கள் கையில் என்ன நிற்கிறது, எல்லாம் தெரிந்துபோகும். அதற்கு மனம் ஒப்பவில்லையென்றால் இப்போதிருக்கிற மாதிரியே நடத்துங்கள். அதில் தப்பு எதுவும் இல்லை. அரைமனதாகச் சங்கம் வைத்தால்தான் ஊரில் பகை மிஞ்சும். கடைக்காரர் பாக்கிக்குக் கூட்டுறவில் மருந்து இல்லை. அதை நீங்கள்தான் நடையாய் நடந்து வசூலிக்க வேண்டும்.

விவசாயிகளைப் பற்றி நீங்கள் இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். அந்த எட்டுப் பெண்களைப் பற்றி, திடீரென்று நின்றுவிடுகிறார்கள் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஏன் நிற்கிறார்கள்? வாணலிச் சூடா, கூலியா, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் நேரமா? கடைசியாக நின்றவரின் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு, அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்