ஷிவன் டிராகனை நீக்கிவிடலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தை ஆடுவதற்காக சொந்தமாக ஒரு கியூப் சேர்த்திருக்கிறேன். பல வருடமாக வைத்திருந்த கார்டுகளிலிருந்து ஆசை ஆசையாகப் பொறுக்கியது. 360 கார்டுகள், ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று. நாங்கள் நான்கு பேர். ஆளுக்கு 15 கார்டு கொண்ட 3 பேக் என்று இதுவரை ஆறு முறை டிராஃப்ட் செய்துவிட்டோம்.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல கார்டுகள். ஆனால் ஆட்டம் சப்பென்று இருக்கிறது. நான்கு பேருடைய டெக்கும் ஒன்றுபோலவே வருகிறது: மூன்று நான்கு நிறம், எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். யாராவது ஒருவர் சிவப்பில் சின்னச் சின்னக் கிரீச்சர்களாக எடுத்து வேகமாக அடித்தால் அவர்தான் ஜெயிக்கிறார். பேக்கில் கடைசி நான்கைந்து கார்டுகளை யாரும் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்குக் கிடைத்த முதல் கார்டு ஷிவன் டிராகன். அது வந்தபோதெல்லாம் கடைசியில்தான் போனது.

முழுப் பட்டியலையும் இணைத்திருக்கிறேன். எவற்றை நீக்க வேண்டும் என்று சொல்வீர்களா? டிராகனையும் நீக்கிவிடலாமா?

அன்புடன்,
ஒரு வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

பட்டியலை இரண்டு முறை முழுக்கப் படித்தேன். கார்டுகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் சிக்கலில் பாதி அங்கேதான் இருக்கிறது.

இந்த ஆட்டத்தை ஆடாதவர்களும் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிராஃப்டில் ஆளுக்கொரு பேக்கைப் பிரித்து, ஒரு கார்டை எடுத்துக்கொண்டு, மீதியைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளுவோம். மறுபக்கத்திலிருந்து நமக்கு ஒன்று வரும். இப்படிச் சேர்ந்தவற்றை வைத்து 40 கார்டு டெக் கட்டி ஆட வேண்டும். அதில் 17 லேண்ட் போனால் மீதி 23தான் நாம் பொறுக்கியது. லேண்ட் தருவது மானா, அதுதான் மற்றக் கார்டுகளை இறக்கக் கொடுக்கும் விலை. மானாவுக்கும் கார்டுகளுக்கும் ஐந்து நிறம் உண்டு. நமக்காகச் சண்டை போடும் கார்டுதான் கிரீச்சர். கம்பெனி விற்கும் பேக்குகளுக்குப் பதிலாக நாமே தேர்ந்தெடுத்த கார்டுகளைக் கலைத்துப் பேக் போட்டால் அதற்குப் பெயர் கியூப்.

சரி, 360 என்ற எண் எங்கிருந்து வந்தது? எட்டுப் பேர், ஆளுக்கு 3 பேக், பேக்குக்கு 15. பெருக்கினால் 360. எட்டுப் பேர் உட்கார்ந்தால் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு கார்டும் மேசைக்கு வந்துவிடும். நீங்கள் நான்கு பேர். 180தான் வருகிறது, மீதிப் பாதி பெட்டியிலேயே கிடக்கிறது.

இது என்ன செய்யும் என்று உங்கள் பட்டியலிலிருந்தே காட்டுகிறேன். ஸ்ப்ளின்டர் ட்வினும் டிசீவர் எக்ஸார்க்கும் வைத்திருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கையில் சேர்ந்தால் எக்ஸார்க் தன் நகலை உண்டாக்கும், அந்த நகல் வந்து மூல எக்ஸார்க்கை மறுபடி நிமிர்த்தித் தயார் செய்யும், அது இன்னொரு நகலை உண்டாக்கும். முடிவே இல்லாத படை, ஆட்டம் அங்கேயே முடிந்தது. அருமையான ஜோடிதான். ஆனால் பாதிக் கார்டுகள் மட்டுமே வரும் மேசையில் இரண்டும் சேர்ந்து வருவது நான்கு டிராஃப்டுக்கு ஒரு முறைதான். வந்தாலும் ஒரே ஆளிடம் போய்ச் சேர வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றுக்காகக் காத்திருந்து ஏமாந்தவர் அடுத்த முறை அந்தப் பக்கமே போக மாட்டார். எந்த டெக்கிலும் தனியாக நிற்கக்கூடிய கார்டாகப் பார்த்து எடுப்பார். நான்கு பேரும் அதையே செய்தால் நான்கு டெக்கும் ஒன்றுபோலத்தான் வரும். உங்கள் நண்பர்கள் மேல் தப்பே இல்லை. அந்தப் பட்டியலில் அதுதான் புத்திசாலித்தனமான ஆட்டம்.

கம்பெனி வெளியிடும் செட்டில் இந்தத் தொல்லை வராது. அங்கே ஒரே காமன் கார்டு (அடிக்கடி கிடைக்கும் சாதாரண கார்டு) பல பேக்குகளில் திரும்பத் திரும்ப வரும். சுமார் நூறு காமன் உள்ள செட்டில், பேக்குக்குப் பத்து காமன் என்று வைத்தால், எட்டுப் பேர் பிரிக்கும் 24 பேக்கில் ஒவ்வொரு காமனும் சராசரியாக இரண்டு முறைக்கு மேல் வரும். இந்த முறை தவறினால் அடுத்த பேக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பி ஒரு வழியில் இறங்க முடியும். எல்லாவற்றிலும் ஒன்றே ஒன்று என்று வைக்கும்போது நாம் அந்த நம்பிக்கையைப் பறித்துவிடுகிறோம். அதை வேறு வழியில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

அதனால் முதலில் 360ஐ 240 ஆக்குங்கள். ஆளுக்கு 3 பேக்குக்குப் பதில் 4 பேக், பேக்குக்கு அதே 15. 4 பேர், 4 பேக், 15 கார்டு என்றால் சரியாக 240. எல்லாக் கார்டும் ஒவ்வொரு முறையும் மேசைக்கு வரும். ஆனால் பேக்கை முழுக்கத் தீர்க்க வேண்டாம். ஒவ்வொரு பேக்கிலும் 11 கார்டு எடுத்ததும் நிறுத்தி, மிஞ்சும் நான்கை ஒதுக்கிவிடுங்கள். கையில் 44 கார்டு இருக்கும், 23ஐப் பொறுக்க அது தாராளம். இப்போது நீங்கள் ஆடும் முறையில் நான்கு பேருக்கு நடுவே ஒரே பேக் நான்கு முறை சுற்றி உங்களிடம் வருகிறது. நான்காவது முறை வரும்போது அதில் இருப்பது மூன்றே கார்டு. அதில் எதைத் தேர்ந்தெடுப்பது?

அந்த ஒதுக்கிய நான்கை அப்படியே பெட்டியில் போட்டுவிடாதீர்கள். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான்கு பேர், நான்கு பேக், மொத்தம் 64 பெயர்கள். மூன்று டிராஃப்ட் முடிந்ததும் மூன்றிலும் இருக்கும் பெயர்களைப் பாருங்கள். எதை நீக்குவது என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். என்னைவிட அந்த நோட்டு சரியாகச் சொல்லும். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடலாம்: ஆர்கேன் என்ற வகைக் கார்டுகள் ஐந்து வைத்திருக்கிறீர்கள். அவை ஒன்றோடொன்று சேர்ந்தால்தான் முழுப் பலன் தரும், வேறு எதனோடும் ஒட்டாது. 240இல் ஐந்து போதாது. முப்பது வைக்கிற எண்ணம் இல்லை என்றால் ஐந்தையும் எடுத்துவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஒவ்வொரு கார்டையும் தனியாகக் கையில் வைத்து, இது நல்ல கார்டா என்று கேட்டுச் சேர்த்திருக்கிறீர்கள். நானும் என் முதல் கியூபை அப்படித்தான் சேர்த்தேன். ஆனால் டிராஃப்டில் ஒரு கார்டு தனியாக வருவதே இல்லை. பக்கத்தில் பதினான்கு கார்டுகளோடு வருகிறது. ஏற்கெனவே சில கார்டுகளை வைத்திருக்கும் ஆளிடம் வருகிறது. அந்த அக்கம்பக்கம்தான் அதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது.

என் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எதிரே உட்கார்ந்திருந்த தோழியிடம் ஏற்கெனவே பிளட் ஆர்ட்டிஸ்ட்டும் விசெரா சியரும் இருந்தன. எந்தக் கிரீச்சர் செத்தாலும் பிளட் ஆர்ட்டிஸ்ட் எதிராளியிடமிருந்து ஒரு உயிரைப் பிடுங்கி நமக்குத் தரும். விசெரா சியர் நினைத்த நேரத்தில் நம் கிரீச்சரை நாமே பலி கொடுக்க விடும். அவள் கைக்கு வந்த பேக்கில் டூம் பிளேட் இருந்தது, மாக் வார் மார்ஷலும் இருந்தது. டூம் பிளேட் இரண்டு மானாவில் கறுப்பல்லாத எந்தக் கிரீச்சரையும் கொல்லும். மாக் வார் மார்ஷல் ஒரு குட்டி காப்ளின். வரும்போது இன்னொரு காப்ளினைக் கூட்டி வரும், சாகும்போது மேலும் ஒன்றை விட்டுப்போகும். ஆக ஒரே கார்டில் மூன்று உடல், அவள் டெக்கில் மூன்று பலி. இரண்டையும் பேக்கிலிருந்து பாதி உருவி, ஒன்றை உள்ளே தள்ளி, மறுபடி வெளியே இழுத்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் மார்ஷலை எடுத்தாள். பக்கத்தில் இருந்தவர் பேக்கை வாங்கிப் பார்த்ததும் ஒரு நொடிகூட யோசிக்காமல் டூம் பிளேடை உருவிக்கொண்டார். அவருடைய நீலம்-கறுப்பு டெக்கில் மார்ஷலுக்கு வேலையே இல்லை. ஒரே பேக்தான். இரண்டு பேர் பார்த்தது இரண்டு வேறு பேக்குகள்.

அந்தத் தயக்கத்தைத்தான் நாம் உண்டாக்க வேண்டும். நான் கியூபில் எதைச் சேர்த்தாலும் அதை நினைத்துத்தான் சேர்க்கிறேன்.

அதற்கு இரண்டு பக்கமும் உறவுள்ள கார்டுகள் வேண்டும். மாக் வார் மார்ஷல் பலி டெக்குக்கு மட்டும் சொந்தமில்லை. சிவப்பு வேக டெக்கிலும் இரண்டு மானாவுக்கு இரண்டு கிரீச்சர் நல்ல வரவுதான். வெள்ளையோடு சேர்ந்து சின்னக் கிரீச்சர்களைப் பெருக்கும் டெக்கும் அதைக் கேட்கும். இப்படி மூன்று பேர் மூன்று காரணத்துக்காக விரும்பும் கார்டுகள் நிறைய இருந்தால், ஒன்றே ஒன்று என்ற கட்டுப்பாடு இருந்தும் வழிகள் தாங்கும். பலி கொடுக்கும் டெக்குக்கு என்று நான் பன்னிரண்டு பதினைந்து கார்டு வைத்திருக்கிறேன். அவற்றில் வேறெங்கும் ஒட்டாதவை இரண்டுதான்.

அடுத்து, சோல் ரிங்கை எடுத்துவிடுங்கள். ஒரு மானா போட்டால் அடுத்து ஒவ்வொரு முறையும் இரண்டு மானா தருகிறது, நிறம் எதுவும் கேட்பதில்லை. நான்கு பேரில் யார் பார்த்தாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள். யோசிக்க இடம் கொடுக்காத கார்டு எவ்வளவு பலமானதாக இருந்தாலும் டிராஃப்டுக்கு அதனால் பயனில்லை.

நிறம் பற்றி. ஒவ்வொரு இரண்டு நிற ஜோடிக்கும் ஐந்து லேண்ட் வைத்திருக்கிறீர்கள், மொத்தம் 50. பேக்குக்குச் சராசரி இரண்டு லேண்டுக்கு மேல் வருகிறது. நான்கு நிறம் ஆடுவது அவ்வளவு சுலபமாக இருந்தால், இந்த நிறத்தை விடவா அதை விடவா என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. 240இல் ஜோடிக்கு இரண்டாக 20 லேண்ட் போதும். மீதியில் நிறத்துக்கு 36, ஜோடிக்கு அதன் இரண்டு நிறமும் கேட்கும் கோல்டு கார்டு இரண்டு, நிறமில்லாதவை 20 என்று தொடங்குங்கள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். நிறம் என்பது வேலி. யூகியோ என்ற இன்னொரு ஆட்டத்தின் கார்டுகளில் கியூப் கட்டுபவர்களுக்கு இந்த வேலி இல்லை. அங்கே மானாவும் கிடையாது, நிறமும் கிடையாது, எந்தக் கார்டையும் எந்த டெக்கிலும் போடலாம். அவர்கள் வேலியைத் தாங்களே போட வேண்டியிருக்கிறது. நமக்கு மேஜிக்கை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் 1993இலேயே போட்டுக் கொடுத்துவிட்டார். அதை நாமே பிடுங்கக் கூடாது.

சிவப்பு ஜெயிக்கிறது என்று சிவப்பை வெட்டாதீர்கள். நான்கு நிறம் ஆடித் தடுமாறுபவரை அது தண்டிக்கிறது, அந்த வேலை யாராவது செய்ய வேண்டியதுதான். குறை எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. இரண்டு மானாவில் தடுத்து நிற்கக்கூடிய கிரீச்சர் மற்ற நான்கு நிறத்திலும் சேர்த்து ஒன்பதுதான் எண்ணினேன். வெள்ளையில் வால் ஆஃப் ஓமென்ஸ், பச்சையில் வால் ஆஃப் பிளாஸம்ஸ், இரண்டும் 0/4 உடம்போடு (அடி 0, உயிர் 4) வந்து ஒரு கார்டையும் தரும். நீலத்துக்கும் கறுப்புக்கும் இதே குணமுள்ள கிரீச்சர்களைத் தேடிச் சேருங்கள்.

இப்போது டிராகன். ஆறு மானா. பறக்கும் 5/5, ஒவ்வொரு சிவப்பு மானாவுக்கும் அடி ஒன்று கூடும். 1993இல் வந்த முதல் செட்டிலேயே இருந்த கார்டு, அந்தக் காலத்துப் பையன்கள் கனவு கண்ட கார்டு. அது ஏன் உங்கள் மேசையில் சீந்துவாரற்றுக் கிடக்கிறது? அதன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். ஸ்வோர்ட்ஸ் டு ப்ளோஷேர்ஸ், பாத் டு எக்ஸைல், டூம் பிளேட், கோ ஃபார் த த்ரோட். ஒரு மானா, இரண்டு மானாவில் அதைக் காணாமல் அடிக்கும் கார்டுகள் பதினொன்று. நீங்கள் ஒரு முழுத் திருப்பத்தைச் செலவழித்து இறக்கியதை எதிராளி ஒரு மானாவில் துடைத்துவிட்டு, மீதி மானாவில் தன் வேலையைப் பார்க்கிறார். அதே பட்டியலில் மல்டிரிஃப்டர் முதலில் போகிறதே, ஏன்? செத்தாலும் இரண்டு கார்டு கொடுத்துவிட்டுத்தான் சாகும். டிராகன் கேட்பது ஒரே ஒரு திருப்பம் பிழைத்திருக்க. அதை உங்கள் கியூப் தருவதில்லை.

அந்தப் பதினொன்றில் மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மீதி இடத்தில் அளவு பார்த்துக் கொல்பவற்றைப் போடுங்கள். லைட்னிங் போல்ட்டின் 3 அடியை டிராகன் தாங்கும். டிஸ்ஃபிகர் -2/-2, கிராஸ்ப் ஆஃப் டார்க்னஸ் -4/-4. இரண்டாவது விழுந்தாலும் டிராகன் ஒரு உயிரோடு நிற்கும். வெள்ளையில் டிவைன் வெர்டிக்ட் அதைக் கொல்லும், ஆனால் நான்கு மானா கேட்கும், டிராகன் அடிக்க வரும்வரை அல்லது தடுக்க நிற்கும்வரை காத்திருக்கவும் வேண்டும். அது நியாயமான சண்டை. புதுக் கார்டுகள் கையில் இல்லை என்றால் பெயரையும் விவரத்தையும் தாளில் எழுதி, பழைய கார்டின் மேல் வைத்து ஸ்லீவில் போட்டு ஆடிப் பாருங்கள். நான் எதையும் அப்படி ஒரு மாதம் ஆடிப் பார்த்த பிறகுதான் வாங்குகிறேன்.

டிராகனை நீக்க வேண்டாம். மாற்றங்களைச் செய்து மூன்று டிராஃப்ட் ஆடிவிட்டு, அது எத்தனையாவது பிக்கில் போனது என்று மட்டும் எனக்கு எழுதுங்கள். மூன்றாவது, நான்காவது என்று போனால் அப்படியே விட்டுவிடலாம். நான்கு பேரும் முதல் பிக்கிலேயே அதற்குப் பறந்தால், ஸ்வோர்ட்ஸ் டு ப்ளோஷேர்ஸைத் திரும்ப உள்ளே போட்டுக்கொள்ளுங்கள்.