முப்பது கிராம் மகான்

கேள்வி: பாக்கெட் உணவுகளில் சத்து விவரங்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டால் மக்கள் படித்துப் பார்த்து வாங்குவார்கள்தானே?

பதில்: பெரிய எழுத்தா! எங்கள் லே-அவுட் ஆர்ட்டிஸ்ட் காதில் விழப்போகிறது. வெளிர் மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்தைப் போட்டுவிட்டு, “பக்கம் மூச்சு விட வேண்டும் சார்” என்பார். வாசகர் மூச்சு முட்டிப் படிப்பது அவர் கணக்கில் வராது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம், இவர் அங்கேயும் பகுதிநேர வேலை பார்க்கிறாரோ என்று சந்தேகம் வருகிறது.

ஆனால் எழுத்தை விரலளவு ஆக்கினாலும் தீராத வில்லங்கம் ஒன்று உண்டு. ‘ஒரு பரிமாறல்: 30 கிராம்’ என்ற வரிதான் அது. ஒருவர் ஒரு தடவை சாப்பிடும் அளவாம். பாக்கெட்டில் இருப்பது 150 கிராம் சிப்ஸ். பெரிதாகக் காட்டுவதோ 30 கிராமுக்கான கலோரி. பாக்கெட்டைப் பிரித்து, தராசில் 30 கிராம் நிறுத்துத் தட்டில் போட்டு, மீதியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டு, அடுத்த நாலு நாளும் அதே மாதிரி எடுத்துத் தின்கிற மகான் எங்கே இருக்கிறார்? மேட்ச் டைபிரேக்கருக்குப் போனாலும் அவர் கை இரண்டாம் தடவை பாக்கெட்டுக்குள் போகாது. வீட்டில் பிள்ளைகள் இருக்க வாய்ப்பே இல்லை.

அவருக்கு அமெரிக்காவில் ஒரு தம்பி இருக்கிறார். சமையல் எண்ணெய் ஸ்ப்ரேயைக் கால் நொடி அழுத்திவிட்டு விரலை எடுத்துவிடுவார். லேபிள்படி அதுதான் ஒரு பரிமாறல். ஒரு பரிமாறலில் 5 கலோரிக்குக் கீழே இருந்தால் பூஜ்யம் என்றே போடலாம் என்பது அங்கே விதி. டப்பா நிறைய எண்ணெய், லேபிளில் 0 கலோரி! சட்டப்படி எல்லாம் சுத்தம்.

அப்புறம் உப்பு. ‘சோடியம் 800 மில்லிகிராம்’ என்று போட்டிருந்தால் 2.5-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 2 கிராம் உப்பு. ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடையில் கூடையைத் தூக்கிக்கொண்டு நிற்பவரை வாய்ப்பாடு சொல்லச் சொல்வது என்ன நியாயம்?

சிலி நாட்டில் 2016-இல் பாக்கெட்டின் முகப்பிலேயே கறுப்பு எண்கோண முத்திரை வந்தது. ‘சர்க்கரை அதிகம்’, ‘சோடியம் அதிகம்’, அவ்வளவுதான். கணக்கு வழக்கு எதுவும் வாங்குபவர் தலையில் இல்லை. முத்திரை குத்திய பாக்கெட்டில் குழந்தைகளை மயக்கும் கார்ட்டூன் பொம்மைகளுக்கும் தடை. முத்திரைக்குப் பயந்தே பல கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்தன. எனக்கு இதில் பிடித்தது அந்தப் பயம்தான்.

2017-இல் பிரான்ஸ் கொண்டுவந்த நியூட்ரி-ஸ்கோரும் நல்ல ஏற்பாடுதான். உணவின் சத்துக்கு ரேங்க் போடுவது மாதிரி ஏ (நல்லது) முதல் இ (மோசம்) வரை ஐந்து ஆங்கில எழுத்து, பச்சையிலிருந்து சிவப்பு வரை நிறம். ஆனால் ஒட்டுவதும் ஒட்டாததும் கம்பெனியின் விருப்பம். ஃபெயிலான பையன் எந்த வீட்டில் தானாக ரேங்க் கார்டை நீட்டியிருக்கிறான்?