அந்தத் தொடரைப் பார்த்ததிலிருந்து ஆபரேஷன் என்றாலே பயம்

கேள்வி: எனக்கு 46 வயது. பித்தப்பையில் கல். மூன்று முறை கடுமையான வலி வந்துவிட்டது. லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுக்க நாள் குறித்திருக்கிறார்கள். போன வாரம் தொலைக்காட்சியில் ஒரு மருத்துவ மர்மத் தொடர் பார்த்தேன். சின்ன ஆபரேஷனுக்கு வருபவர்களுக்கு மயக்க மருந்தைக் கூட்டிக் கொடுத்துக் கோமாவில் தள்ளி, உறுப்புகளை எடுத்து விற்கிறார்கள். அதிலிருந்து தூக்கமே இல்லை. ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

பதில்: தள்ளிப்போடாதீர்கள். மூன்று முறை வலி வந்த பித்தப்பை சும்மா இருக்காது. கல் நழுவிப் பித்தக்குழாயை அடைத்தால் மஞ்சள் காமாலையும் கணைய அழற்சியும் வரலாம். அப்போது அவசரமாகச் செய்யும் ஆபரேஷனில்தான் ஆபத்து அதிகம்.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். நினைவில்லாமல் படுத்திருக்கும்போது உயிரை அடுத்தவர் கையில் கொடுக்கிறோம். பயம் வரத்தான் செய்யும்.

மயக்க மருந்து மூளையை நிரந்தரமாக அணைத்துவிடாது. அளவு கூடினால் ரத்த அழுத்தம் இறங்கும், மூச்சு அடங்கும். மூச்சுக்கு இயந்திரம் இருக்கிறது, ரத்த அழுத்தத்துக்கு மருந்து இருக்கிறது. மயக்க மருந்து உடலை விட்டுப் போனதும் விழிப்பு வந்துவிடும். மூளையைக் கெடுப்பது ஆக்சிஜன் கிடைக்காமல் போவது. அதற்குச் சில நிமிடங்களே போதும். அதனால்தான் ஆபரேஷன் தியேட்டரில் ஆக்சிஜன் மேலேயே எல்லோருக்கும் கண். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சத்தம் கொடுக்கும். ஆக்சிஜன் குறையக் குறைய அந்தச் சத்தத்தின் சுருதியும் இறங்கும். திரையைப் பார்க்காமலே சர்ஜன், நர்ஸ், உதவியாளர் எல்லோருக்கும் அது கேட்கும். நீங்கள் வெளிவிடும் காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்பதை இன்னொரு கருவி அளக்கும். மூச்சு கொடுக்க வாய் வழியாக விடும் குழாய், மூச்சுக்குழாய்க்குள் போகாமல் உணவுக்குழாய்க்குள் போயிருந்தால் சில மூச்சுகளுக்குள் அது காட்டிக்கொடுத்துவிடும். இன்று ஆரோக்கியமானவர்களில் மயக்க மருந்தால் மட்டும் உயிர் போவது சுமார் லட்சத்தில் ஒருவருக்குத்தான்.

கோமாவும் மூளைச்சாவும் ஒன்று என்பதுபோல அந்தத் தொடர் காட்டியிருக்கும். இரண்டும் வேறு. கோமாவில், மூச்சை இயக்கும் மூளைத்தண்டு வேலை செய்யலாம், பலர் தாமாகவே மூச்சு விடுவார்கள். மூளைச்சாவில் அந்த மூச்சும் இருக்காது. பொதுவாக மூளைச்சாவு உறுதியான பிறகுதான் இதயம் போன்ற உறுப்புகளைத் தானமாக எடுப்பார்கள். அதை உறுதி செய்யும் முன், உடலில் மயக்க மருந்தின் தாக்கம் இல்லை, உடல் சூடு குறைந்திருக்கவில்லை என்று முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் வென்டிலேட்டரை நிறுத்தி, ரத்தத்தில் கரியமில வாயு ஏறியும் மூச்சு எழவில்லையா என்று சோதிப்பார்கள். உறுப்பு மாற்று அணியில் இருப்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. எடுத்த இதயம் சுமார் 4 மணி நேரம்தான் தாங்கும். அதற்குள் ரத்த வகை பொருந்திய நோயாளி, இன்னொரு தியேட்டர், இன்னொரு பெரிய குழு என்று எல்லாம் தயாராக இருக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து மூடி மறைக்கிற காரியமா இது?

மருத்துவத்தில் அநியாயமே நடந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த சுமார் 400 கறுப்பின ஆண்களுக்கு, ஆய்வு என்ற பெயரில், என்ன நோய் என்றே சொல்லவில்லை. அதைக் குணப்படுத்தும் பென்சிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமல் வேடிக்கை பார்த்தார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனத்துவிடும். சிறுநீரக வியாபாரமும் உண்மைதான். ஆனால் அதில் சிக்குபவர்கள் பெரும்பாலும் கடனில் தவிக்கும், உயிரோடு இருக்கும் ஏழைகள். இரண்டிலுமே பாதிக்கப்பட்டவர்களிடம் முழு உண்மையைச் சொல்லவில்லை. அதனால் சொல்கிறேன், கூச்சப்படாமல் கேளுங்கள்.

மயக்க மருந்து டாக்டரை முன்கூட்டியே சந்தியுங்கள். ஆபரேஷன் முடியும்வரை யார் என் பக்கத்தில் இருப்பார், எழுந்ததும் எங்கே வைத்திருப்பீர்கள் என்று கேளுங்கள். தொடர் பார்த்துப் பயந்ததையும் சொல்லுங்கள், சிரிக்க மாட்டார். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் காய்ச்சலோ வேறு பிரச்சினையோ வந்திருந்தால், ஆடும் பல், குறட்டை, அலர்ஜி, சாப்பிடும் மாத்திரைகள் எதையும் மறைக்க வேண்டாம். பொதுவாகத் திட உணவை 6 மணி நேரம் முன்பும், தண்ணீரை 2 மணி நேரம் முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் டாக்டர் வேறு நேரம் சொன்னால் அதையே கேளுங்கள். தியேட்டரில் உங்கள் பெயரையும் என்ன ஆபரேஷன் என்பதையும் திரும்பக் கேட்டால் எரிச்சல்படாதீர்கள். ஆள் மாறாமல், ஆபரேஷன் மாறாமல் இருக்க 2008-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியலில் அந்தக் கேள்வி இருக்கிறது.

அதற்குள் காய்ச்சலோ, கண் மஞ்சளாவதோ, விடாத வலியோ வந்தால் குறித்த நாளுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.